நோயாளி என்று அறியாத ஜீவன்

(உலகப் பக்கவாத நாளையொட்டி, மதுரையில் நோயாளிகளின் குடும்பத்தினருக்காக நடந்த கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பக்கவாதத்தையும் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்த்துப் பேசப்போகிறேன் என்றதும் இந்தக் கூட்டத்தின் அமைப்பாளர்களில் ஒருவர், "புறா ரத்தம் பத்தியா மேடம்?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். கை கால் விழுந்தவருக்கும் பிராணிக்கும் என்ன சம்பந்தம் என்றால் நம் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். புறாவை அறுத்து, சூடு ஆறுவதற்குள் அந்த ரத்தத்தை மரத்துப்போன கையில் தேய்ப்பார்கள். இன்றைக்கும் தேய்க்கிறார்கள். என்னிடம் வருகிற சிலரின் கையில் அந்தக் கறையைப் பார்த்திருக்கிறேன்.

அதை முதலிலேயே பேசி முடித்துவிடுகிறேன். கோளாறு கையில் இல்லை, மூளையில் இருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, அல்லது வெடித்துவிட்டது. தோலில் எதைத் தேய்த்தாலும் அது அங்கே போய்ச் சேராது. அடைப்பினால் வந்த வாதம் என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பா வெடிப்பா என்று தெரிய அதற்கு முன்பே ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் ஒரு கணக்குப் போட்டார். பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. புறா தேடி அலையும் நேரத்தை இதோடு பெருக்கிக்கொள்ளுங்கள். வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் 108. வேறு யோசனையே வேண்டாம்.

நான் பேச வந்தது அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றி. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள், கட்டிலை ஹாலுக்கு மாற்றுகிறோம், சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம்?

செத்த நரம்பணு திரும்பி வராது. பிழைத்திருக்கும் பகுதிகள்தான் அந்த வேலையைப் பழகிக்கொள்ள வேண்டும். எப்படிப் பழகும்? செய்து செய்துதான். எத்தனை தடவை என்பதில்தான் சிக்கல். கேத்தரின் லாங் என்பவரின் குழு 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் வெட்கத்தைத் தரக்கூடியது. முன்னூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சி அமர்வுகளைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். கையால் ஒரு வேலையைச் செய்து பழகும் அமர்வுகளில் நோயாளி கையைப் பயன்படுத்தியது சராசரியாக 32 தடவை. மூளை தன்னை மாற்றிக்கொண்டதாக ஆய்வுக்கூடங்களில் காட்டப்பட்ட விலங்குகளோ ஒரு நாளில் சில நூறு தடவை செய்திருந்தன. இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். 2021இல் தொடங்கிய நல்ல காரியம் அது. ஆனால் வந்தவர் முக்கால் மணி நேரத்தில் அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். மிச்ச நாள் முழுக்க நோயாளி வீட்டார் கையில்தான்.

வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு குரங்குக் கதை. கதை என்றாலும் நடந்தது. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் எட்வர்ட் டாப் என்ற உளவியல் ஆய்வாளர், குரங்குகளின் கையிலிருந்து மூளைக்கு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளை வெட்டிவிட்டுப் பார்த்தார். அசைவுக்கான நரம்பு முழுசாக இருந்தது. கை அசைய முடியும், ஆனால் குரங்கு அதைத் தொங்கவிட்டுவிட்டது. ஆரம்பத்தில் முயன்று பார்க்கிறது, கை சொன்னபடி கேட்கவில்லை, விட்டுவிடுகிறது. பிறகு முடியும் என்ற நிலை வந்தபோதும் அந்தக் கை பக்கமே போவதில்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டால்தான் மற்ற கையை நீட்டுகிறது. 1981இல் அந்தக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த விலங்குரிமை ஆர்வலர் ஒருவர் 17 குரங்குகளும் கூண்டில் கிடந்த கதியைப் படமெடுத்து வெளியே கொண்டுவந்தார். போலீஸ் வந்தது, வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஆனாலும் இன்று உலகம் முழுக்க நாங்கள் செய்கிற ஒரு சிகிச்சை அங்கிருந்துதான் வந்தது. நல்ல கையில் உறை மாட்டிவிட்டு விழுந்த கையால் வேலை செய்ய வைக்கிறோம். 222 நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வு 2006இல் அதன் பலனைக் காட்டியது. பக்கவாதக்காரர்களுக்குப் பிராணிகள் செய்த உதவி என்று தலைப்புப் போட்டுப் பேசும்போது, அவற்றைக் கேட்காமலே எடுத்துக்கொண்ட இந்த உதவியைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் குரங்கு தானாகக் கையைக் கைவிட்டது. நம் வீடுகளில் நாம் கைவிட வைக்கிறோம். "நீங்க சும்மா இருங்கப்பா, நான் ஊட்டிவிடுறேன்." "எதுக்கும்மா சிரமப்படுறீங்க, கொண்டாங்க, நான் பித்தான் போடுறேன்." மகன் ஊட்டுகிறான், மகள் தலை வாருகிறாள், பேரன் ரிமோட்டை அமுக்குகிறான். பாசத்தைக் குறை சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் மூன்று மாதம் இப்படிப் பார்த்துக்கொண்டால் போதும், கொஞ்சம் உயிர் இருந்த கையும் மடங்கி மார்போடு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் அவர் நோயாளி என்று தெரியும். அது தெரியாத ஒரே ஜீவன் வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பசிக்கிறது, அவரிடம் வந்து கேட்கிறது. பக்கவாதத்தில் பிராணியால் என்ன பயன் என்று கேட்டால் என் முதல் பதில் அதுதான். அன்பு, ஆறுதல் எல்லாம் அதற்கு அப்புறம்.

மேலூர்ப் பக்கம் ஓர் அம்மா. அறுபதைத் தாண்டியவர், வலது பக்கம் விழுந்துவிட்டது. நடை ஓரளவு வந்துவிட்டது, கை வரவில்லை. அமுக்கிப் பழக ஒரு ஸ்பாஞ்சுப் பந்தும், விரலுக்குத் துணி கிளிப்பும் கொடுத்திருந்தேன். அடுத்த முறை போகும்போது பந்து கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடக்கும். "பண்ணீங்களாம்மா?" என்றால், "பண்ணேன் பண்ணேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வீட்டில் ஒரு வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. ஒரு குட்டியைத் தாய் சேர்த்துக்கொள்ளவில்லை. கிட்டப் போனால் முட்டித் தள்ளியது. சரி என்று புட்டிப்பால். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். குட்டி கத்தும். "அது கத்துனா எனக்கு இருப்புக் கொள்ளல" என்றார் அந்த அம்மா.

இடது கையால் குட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டார். வேறு வழி இல்லை, புட்டி வலது கைக்குத்தான் வர வேண்டும். முதலில் நழுவியது, பால் சேலையில் கொட்டியது. மகன் புட்டியைச் சுற்றிப் பழைய துணியைக் கனமாகச் சுற்றி ரப்பர் போட்டுக் கொடுத்தார். பிடி தடிமனானால் பலமில்லாத விரலுக்கு எளிது. நாங்கள் கரண்டிக்கும் பல்துலக்கும் பிரஷ்ஷுக்கும் செய்வதும் அதே வேலைதான், அவரிடம் யாரும் சொல்லித்தரவில்லை. வெள்ளாட்டுக் குட்டி பால் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், சும்மா உறிஞ்சாது, முட்டி முட்டிக் குடிக்கும். ஒவ்வொரு முட்டுக்கும் மணிக்கட்டு பின்னால் சாயும், அந்த அம்மா அதை மறுபடி நிமிர்த்த வேண்டும். சாயும், நிமிர்த்துவார். இப்படி ஒரு புட்டி காலியாகும் வரை, ஒரு நாளைக்கு நாலு வேளை. இதையே நான் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் 'மணிக்கட்டைத் தாங்கும் பயிற்சி, 10 தடவை, மூன்று வேளை' என்று இருந்திருக்கும், சீட்டும் பந்தோடு கட்டிலுக்கடியில் போயிருக்கும்.

குட்டி பெரிதான பிறகு அதற்குக் குழை கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது. அகத்திக் கொப்பைத் தூக்கி, முழங்கையை நீட்டி, கயிற்றில் செருகுவது. தோளுக்கும் முழங்கைக்கும் இதைவிடப் பொருத்தமான பயிற்சியை நான் எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுப்பேன்?

ஆனால் ஆடு குணப்படுத்திவிட்டது என்று நீங்கள் போய்ச் சொல்லக் கூடாது. வாதம் வந்த முதல் சில மாதங்களில் மூளை தானாகவும் ஓரளவு தேறும். எவ்வளவு அதனால், எவ்வளவு ஆட்டினால் என்று ஒரே ஆளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த அம்மாவின் விரல்கள் இன்னும் முழுதாக விரியவில்லை. டம்ளரைப் பிடிக்கிறார், ஜாக்கெட் கொக்கி மாட்ட வரவில்லை.

ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாது என்றேன், கூட்டத்தை வைத்துச் சொன்னவர்கள் உண்டு. 1980இல் எரிகா ஃபிரீட்மன் என்பவரும் அவர் குழுவினரும் அமெரிக்காவில், நெஞ்சுவலி வந்து தீவிரப் பிரிவில் இருந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருஷம் கவனித்தார்கள். பிராணி வளர்க்காத 39 பேரில் 11 பேர் இறந்தார்கள். வளர்த்த 53 பேரில் 3 பேர். சின்ன ஆய்வு, அதுவும் இதய நோயாளிகள். ஆனால் அதிலிருந்துதான் இந்தக் கேள்வியை மருத்துவர்கள் சீரியஸாக எடுத்துக்கொண்டார்கள்.

2019இல் ஸ்வீடனிலிருந்து வந்தது பெரிய ஆய்வு. அங்கே 2001 முதல் எல்லா நாயையும் அரசுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும், நோயாளிகளுக்கும் தேசியப் பதிவேடு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அடைப்பு வாதம் வந்த சுமார் ஒன்றரை லட்சம் பேரில் நாய் வைத்திருந்தவர்கள் 100க்கு 5 பேர்கூட இல்லை. தனியாக வாழ்கிறவர்களில், நாய் வைத்திருந்தவர்களுக்கு, நாய் இல்லாதவர்களைவிட மரண அபாயம் 27 சதவீதம் குறைவாக இருந்தது. துணையோ பிள்ளையோ கூட இருப்பவர்களில் நாயால் தெரிந்த வித்தியாசம் 12 சதவீதம்தான். தனியாக இருப்பவருக்கே நாய் அதிகம் உதவியிருக்கிறது போலத் தோன்றுகிறது. 'போல' என்று அழுத்திச் சொல்கிறேன். நாய் வளர்க்கிற தெம்பு உள்ளவர்கள் முதலிலிருந்தே கொஞ்சம் ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம். வயது, வருமானம், மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள் என்றாலும், இப்படிப்பட்ட ஆய்வு காரணத்தை நிரூபிக்காது. அதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று, ஸ்வீடன் நாயைப் பனியிலும் வெளியே நடத்திக்கொண்டு போவார்கள். நம் வீட்டு நாயை கேட்டோரம் சங்கிலியில் கட்டிவைத்துவிட்டு அந்த 27 சதவீதத்தை எதிர்பார்த்தால் கிடைக்காது.

'நம்ம வீட்டுல எட்டுப் பேர் இருக்கோம், தனிமையெல்லாம் எங்களுக்கு இல்ல' என்று நினைப்பீர்கள். டி.வி.க்கு எதிரே ஒரு நாற்காலியில் காலையில் உட்காரவைத்து ராத்திரி எழுப்பப்படுகிற பெரியவரை நான் நிறைய வீடுகளில் பார்க்கிறேன். எட்டுப் பேரும் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. வந்தவர் பயிற்சி செய்யமாட்டார், மாத்திரையைத் துப்புவார். 'பிடிவாதம்' என்று வீட்டில் பெயர் வைத்துவிடுவார்கள்.

பேச்சு போனவர்கள் விஷயம் இதைவிடச் சுவையானது. மூளையின் இடது பக்கம் அடிபட்டால் பலருக்குப் பேச்சு போகிறது. புத்தி இருக்கும், சொல் வராது. மனைவி பெயர் வராது, தண்ணீர் என்ற சொல் வராது. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது வரும், சின்ன வயதில் மனப்பாடம் பண்ணிய பாட்டு வரும், கெட்ட வார்த்தை மட்டும் குறையில்லாமல் வரும். பழகிப் பழகித் தடம் விழுந்த பேச்சு அது. 'ஏய்', 'வா', 'போ', 'உக்காரு' என்று நாயிடம் பேசுவதும் அந்த வகைதான். அதோடு, வீட்டில் யாரிடம் பேசினாலும் திருத்துவார்கள். "அதில்லப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." நாய் திருத்தாது. 'வா' என்பது 'பா' என்று வந்தாலும் ஓடி வரும். அமெரிக்காவில் பெத் மெக்காலி என்ற பேச்சுப் பயிற்சியாளர் 2006இல் வெளியிட்ட சின்ன ஆய்வு ஒன்று. பேச்சு போன மூன்று ஆண்களுக்கு வழக்கமான பயிற்சியை ஒரு பருவமும், நாயை வைத்துக்கொண்டு செய்யும் பயிற்சியை இன்னொரு பருவமும் கொடுத்தார். பரீட்சையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நாய் இருந்த வகுப்புக்கு ஆசையாக வந்தார்கள். வித்தியாசம் இல்லை என்று அவர் மறைக்காமல் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. விருப்பமாக வந்தார்கள் என்பதும் சின்ன விஷயம் இல்லை. வராத நோயாளிக்கு எந்தச் சிகிச்சையும் பலிக்காது.

இடது கை விழுந்தவர்கள் சிலருக்கு வேறொரு கூத்து நடக்கும். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு மறந்துவிடும். கண் தெரியும், கவனம் போகாது. ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் இலையில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, பொரியல் வைக்கவில்லை என்று மருமகளிடம் சண்டை போடுவார். பொரியல் இடது பக்கம் அப்படியே இருக்கும். முகத்தில் பாதியைச் சவரம் செய்துவிட்டு எழுந்துவிடுவார். இவர்களுக்கு நாங்கள், "இடது பக்கம் பாருங்க, இன்னும் பாருங்க" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்போம். அந்த வீட்டு நாட்டுநாய்க்குக் காலையில் அவர் கையால்தான் பொறை. பொறைப் பொட்டலத்தை நாற்காலிக்கு இடது பக்கம் ஒரு முக்காலியில் வைக்கச் சொன்னேன், நாயின் கோணியையும் அந்தப் பக்கம் போடச் சொன்னேன். அசைகிற, சத்தம் போடுகிற, மூக்கால் இடிக்கிற ஒன்று இடது பக்கம் இருந்தால் தலை திரும்பாமல் என்ன செய்யும்? நான் சொன்னால் ஒரு தடவை திரும்புகிறவர் அதற்காகப் பல தடவை திரும்பினார்.

ஆஸ்பத்திரிக்குள் நாயைக் கொண்டுபோவது புதுசு இல்லை. சின்னப் பிராணி நீண்ட நாள் நோயாளிக்கு நல்ல துணை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860 வாக்கிலேயே எழுதிவிட்டார். ஹாங்காங்கில் 1991இல் ஜில் ராபின்சன் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டத்தைச் சென்னையில் புளூ கிராஸும் நடத்தியிருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் நடை பழக்கவே நாயைப் பயிற்றுவித்து, கைத்தடிக்குப் பதிலாக அதைப் பிடித்து நடக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். நமக்கு இதெல்லாம் எட்டாத தூரம். வீட்டில் இருக்கிற பிராணியைப் பற்றிப் பேசுவோம்.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். முதல் ஆபத்து விழுவது. அமெரிக்காவில் நாயாலும் பூனையாலும் கீழே விழுந்து அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் வருஷத்துக்கு 86,000 பேருக்கு மேல் என்று அந்நாட்டு அரசு 2009இல் கணக்குச் சொன்னது, அதில் பெரும்பங்கு நாயால். நம் ஊரில் யாரும் எண்ணவில்லை, எண்ணினால் சந்தோஷப்படமாட்டோம். ஒரு கால் இழுத்து நடப்பவர் கையில் ராஜபாளையம் நாயையோ கன்னி நாயையோ பிடித்துக் கொடுக்காதீர்கள். வேட்டைக்கென்று வளர்ந்த இனம், பூனையைக் கண்டால் ஒரே இழுப்பு. இடுப்பெலும்பு முறிந்தால் வாதத்தைவிடப் பெரிய பாடு. நாய்க்கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவே கூடாது. தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் நடக்கும் வழியில் தரையில் வைக்காமல் ஓரமாக உயர்த்தி வையுங்கள், குனியும்போதுதான் பலர் விழுகிறார்கள். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் நாய் படுக்கக் கூடாது.

அடுத்தது கீறல். இவர்களில் பலர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள், சின்னக் கீறலும் நேரம் கழித்துத்தான் நிற்கும். உணர்ச்சி இல்லாத கையில் பூனை பிறாண்டினால் தெரியவே தெரியாது, சர்க்கரையும் இருந்தால் புண்ணாகிவிடும். சாயங்காலம் ஒரு தடவை கையையும் காலையும் பார்த்துவிடுங்கள். உலகில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில்தான். வீட்டுநாய்தானே என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் வராவிட்டாலும்கூட, கடித்தாலோ பிறாண்டினாலோ கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இன்னொன்று, விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் தட்டிலிருப்பதை ரகசியமாக நாய்க்குப் போட்டுவிடுவார்கள். "அப்பா நல்லா சாப்பிடுறாரு" என்று மகள் சொல்வாள், எடை பார்த்தால் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு கேட்டுவிட்டு யாரும் போகிற வழியில் நாய்க்குட்டி வாங்கிவிடாதீர்கள். அதன் மூத்திரத்தைத் துடைப்பது யார்? ஏற்கெனவே பெரியவருக்குப் படுக்கை மாற்றிக்கொண்டிருக்கும் மருமகள்தான். மருந்துச் சீட்டில் நாய் எழுதித்தரச் சொல்லி என்னிடம் கேட்ட மகன்கள் எல்லாம் வெளிநாட்டில் இருப்பவர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஆசையாக இருந்தால் மீன் தொட்டி வையுங்கள். இரண்டு விரலால் தீனியைக் கிள்ளிப் போடுவது நல்ல பயிற்சி, யாரையும் தள்ளிவிடாது. கிளி வேண்டும் என்றால் லவ் பேர்ட்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

நான் கேட்டுக்கொள்வது வேறொன்று. வீட்டில் ஏற்கெனவே பிராணி இருந்தால் அதை அனுப்பிவிடாதீர்கள். பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கிற பத்துப் பதினைந்து நாளுக்குள் நடக்கிற காரியம் அது. 'இருக்கிற பாட்டுக்கு இதை யார் பார்க்கிறது' என்று நாயைத் தோட்டத்து ஆளிடம் கொடுத்துவிடுவார்கள், பசுவை விற்றுவிடுவார்கள். கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் வீடு திரும்பியவர் பேச முடியாமல், தொழுவத்தைக் காட்டிக் காட்டிக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். 'மேய்ச்சலுக்குப் போயிருக்குப்பா' என்று சொல்லிச் சமாளித்தார்கள். அடுத்த நாளும் கேட்டார். மூன்று மாதம் பக்கத்து வீட்டில், தங்கச்சி வீட்டில் விட்டுவையுங்கள். பிசியோவிடமும் டாக்டரிடமும் வீட்டில் என்னென்ன பிராணி இருக்கிறது, அதற்கு இவர் முன்பு என்னென்ன வேலை செய்தார் என்று சொல்லுங்கள். நாங்களாகக் கேட்கமாட்டோம், எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. அந்த வேலைகளில் இப்போது எதை எப்படிச் செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

கேள்வி இருந்தால் மைக் பின்வரிசைக்கும் வரும். கொஞ்சம் பொறுங்கள், முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஐயா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், அவர் முதலில் கேட்கட்டும்.